கிராதியில் ஒரு சாண் இடைவெளி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் வக்கீலம்மாவைப் படிக்கட்டின் நடுவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். கைப்பிடிக் கிராதியில் விரலை வைத்துக்கொண்டு, "இதென்னம்மா, இரும்புல நம்பர் நம்பரா அடிச்சிருக்கு?" என்று அவர் கேட்டதோடு பக்கம் முடிந்தது. நாலைந்து பேர் கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். தினம் ஏறி இறங்குகிற படிக்கட்டில் என்ன இருக்கிறதென்று அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியாமல் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகும். உங்கள் வீட்டுக் கதவில் மொத்தம் எத்தனை கீல் இருக்கிறது, எழுந்து போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். கீழே வெல்டிங் பயிற்சி நிலையம், மேலே வீடு. நிலையத்தைத் தொடங்கியவர் அப்பா, மாணவர்களுக்கெல்லாம் மாஸ்டர். மகள், பெரியவள், ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறாள். மகன், சின்னவன், பயிற்சி கொடுக்கிறான். தொழிற்பயிற்சி ஆணையம் நிலையத்தின் பதிவை ரத்து செய்துவிட்டது. காரணம் ஒரே வரி: தேர்வுத் துண்டுகள் பாதுகாக்கப்படவில்லை, ஆகவே தேர்வு நடந்ததற்கு ஆதாரம் இல்லை. அந்த ரத்தை எதிர்த்துப் போட்ட மேல்முறையீடு இன்று காலை பதினோரு மணிக்கு விசாரணைக்கு வருகிறது.

தேர்வுத் துண்டு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கடைசி நாளன்று மாணவன் இரண்டு இரும்புத் தகடுகளைப் பற்றவைப்பான். ஒட்டு நடுவில் வருகிற மாதிரி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுவார்கள். அவனுடைய பதிவு எண்ணை அதில் சுத்தியலால் அடித்துப் பதித்து, பிரஸ்ஸில் வைத்து வளைப்பார்கள். ஒட்டு நன்றாக இருந்தால் துண்டு சத்தமே இல்லாமல் வளைந்து கொடுக்கும். உள்ளே காற்றோ கசடோ மாட்டியிருந்தால் வளைவில் வாய் பிளக்கும். வளைப்பதற்கு முன்னால் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மாஸ்டருக்கு யார் கண் மேலும் நம்பிக்கை கிடையாது, தன் கண் உட்பட.

வளைந்த துண்டைப் பெட்டியில் போட்டுப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. நல்ல இரும்பு பெட்டியில் சும்மா கிடந்தால் மாஸ்டருக்குப் பொறுக்காது. வீட்டுக்கு ஏறுகிற படிக்கட்டுக்கு அப்போது கிராதி இல்லை. மேலே ஒரு நீளக் கம்பி, கீழே ஒரு நீளக் கம்பி, நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று மூன்று துண்டு என்று ஒட்டிக்கொண்டே வந்தார். தேறியவன் துண்டுதான் கிராதிக்குப் போகும். வாய் பிளந்தது பழைய இரும்புக் குவியலுக்குப் போகும், அதைச் செய்தவன் மறுபடி முதல் பாடத்துக்குப் போவான். ஆறு வருஷத்தில் கிராதி மொட்டை மாடியைத் தொட்டுவிட்டது.

ஆய்வுக்கு அதிகாரி வந்த அன்று மாஸ்டர் கண் ஆஸ்பத்திரியில் இருந்தார். தேர்வுத் துண்டெல்லாம் எங்கே என்று ஆய்வாளர் கேட்டார். பெரியவள் வெள்ளந்தியாக, "அதெல்லாம் தனியா எடுத்து வெக்கிறதில்ல சார்," என்றாள். பொய் இல்லை. அவளுக்கு அது எப்போதோ கிராதி ஆகிவிட்டது, துணி காயப்போடுகிற கிராதி. அந்த வாக்கியம் அட்சரம் பிசகாமல் அறிக்கையில் ஏறியது. ஆய்வாளர் அதே கிராதியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். இந்தக் குடும்பத்துக்கு வாய்த்த அதிர்ஷ்டம் அப்படி.

வக்கீலம்மா கண்டுபிடித்ததும் வீடே உயிர் பெற்றது. அவருடைய உதவியாளர் வந்து கிராதியைத் துண்டு துண்டாகப் படம் எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு படத்திலும் எண் தெளிவாகத் தெரிகிறது. மாஸ்டர் துண்டுகளை எண் வரிசைப்படி ஒட்டவில்லை, கைக்கு வந்தபடி ஒட்டியிருந்தார். அதனால் படத்தையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து யாராவது ஒவ்வொன்றாக டிக் அடிக்க வேண்டும். அது பெரியவள் தலையில் விழுந்தது.

இன்று காலை ஆறரை மணிக்கு அவள் கடைசி டிக்கை அடித்தாள். சான்றிதழ் வாங்கியவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். டிக் முந்நூற்று மூன்று.

மறுபடி பார்த்தாள். படங்களை முதலிலிருந்து நகர்த்திப் பார்த்தாள். முந்நூற்று மூன்றுதான்.

டிக் விழாத எண்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கவில்லை. நூற்று ஐம்பத்தேழிலிருந்து நூற்று அறுபத்தைந்து வரை, ஒன்பதும் வரிசையாக ஒரே பக்கத்தில் இருந்தன. நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரே தேதி, ஒரே கையெழுத்து. தம்பியின் கையெழுத்து.

தம்பி கீழே பட்டறையில் அப்பாவின் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். விசாரணைக்கு அப்பா பிய்ந்த செருப்போடு வரக்கூடாது என்பது அவன் கவலை. பெரியவள் பதிவேட்டை அவன் முன்னால் விரித்து விரலை வைத்தாள். அவன் பார்த்தான். ஊசியைக் கீழே வைத்தான்.

"அந்த ஒன்பதும் இல்லக்கா," என்றான்.

அவளுக்கு வந்ததே கோபம். ரத்து வந்து ஆறு மாசம் ஆகிறதே, ஒரு வார்த்தை சொன்னாயா, வக்கீலம்மா முன்னால் மரம் மாதிரி நின்றாயே, நாலு வருஷமாக எப்படிடா தூங்கினாய் என்று பொரிந்து தள்ளினாள். கடைசியில், அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அவளைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னான்.

"அன்னிக்கு பிரஸ் ஓடல. ஆயில் சீல் போயிருந்தது. உனக்கு ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் வந்தது. எல்லாமே வந்தது. ஒரு கம்பெனிக்காரர் எதிரில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் சான்றிதழ் வராவிட்டால் அந்த ஒன்பது இடத்துக்கும் வேறு ஆள் எடுத்துக்கொள்வோம் என்றார். அவர் அறையிலிருந்தே அவள் தம்பிக்குப் போன் செய்தாள். பிரஸ் ஓடலக்கா, நாளைக்கு ஆள் வருவான், நாளைக்கு வளைச்சுப் பார்த்துக் கொடுக்கறேன் என்று அவன் கெஞ்சினான். அதற்கு அவள் சொன்ன பதில் இப்போது காதில் அப்படியே கேட்டது.

"நல்ல ஒட்டு எது, கெட்ட ஒட்டு எதுன்னு உன் கண்ணுக்குத் தெரியாதா? கையெழுத்துப் போட்டுக் கொண்டா."

அவன் கொண்டு வந்தான். ஒன்பது பேரும் வேலைக்குப் போனார்கள். அவள் சந்தோஷப்பட்டாள், அடுத்த வேலையைப் பார்த்தாள், சுத்தமாக மறந்தும் போனாள். மறக்காதவன் எதிரில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறான்.

இதை வக்கீலம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒன்பதரை மணிக்கு அவர் போன் செய்து, "எல்லா நம்பரும் இருக்கில்ல?" என்று கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு, "இருக்குங்க," என்றாள். பாதிப் படிப்பில் நிற்கிற இருபத்தாறு பேர் அவள் கண்ணுக்குள் வந்தார்கள். கேட் மேல் இருக்கிற பலகை வந்தது. புதிதாகச் சலவை செய்த சட்டையில் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்றிருந்த அப்பா வந்தார். இத்தனை பேருக்காகத்தானே என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாம் எல்லோரும் சொல்லிக்கொள்கிற சமாதானம்தான்.

விசாரணை அறை நீங்கள் நினைக்கிற மாதிரி கோர்ட் இல்லை. நீளமான மேசை, அதன் ஒரு பக்கம் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும், எதிரில் நாற்காலிகள். ஓரத்தில் ஆய்வாளர் தன் கோப்போடு உட்கார்ந்திருந்தார். ஏசி பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. மாஸ்டர் குளிருக்குக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வக்கீலம்மா அருமையாகப் பேசினார். படங்களை ஒவ்வொன்றாக மேசைமேல் பரப்பினார். துண்டுகள் தொலைக்கப்படவில்லை, பெட்டிக்குப் பதிலாகக் கிராதியில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன, பெட்டியிலிருந்து திருடலாம், இந்தக் கிராதியிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டுமானால் கட்டிங் மெஷினோடுதான் வர வேண்டும் என்றார். உறுப்பினர் ஒருவர் சிரித்துவிட்டார். தலைவர் ஆய்வாளர் பக்கம் திரும்பி, போனபோது இதைப் பார்க்கவில்லையா என்று கேட்டார்.

ஆய்வாளர் நல்ல மனிதர். காது சிவந்தது. "அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சார் மேல ஏறினேன்," என்றார். இந்த முறை மூன்று பேருமே சிரித்தார்கள். மாஸ்டருக்கும் சிரிப்பு வந்தது. பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. ஜெயிக்கப் போகிறோம் என்று தெரிந்துவிட்டது அவளுக்கு.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ரத்தை நீக்குவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றும், ஒரே ஒரு உறுதிமொழி மட்டும் வேண்டும் என்றும் சொன்னார். பதிவேட்டில் உள்ள முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் துண்டும் சோதிக்கப்பட்டு அந்தக் கிராதியில் இருக்கிறது என்று நிலையத்தின் சார்பில் ஒருவர் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் போதும்.

"நான் போடறேன்," என்று மாஸ்டர் எழுந்தார்.

அவருக்குக் கண்ணில் புரை. மேசை எங்கே முடிகிறது என்று தெரியாமல் கையை நீட்டித் தடவிக்கொண்டு வந்தார். குமாஸ்தா பேனாவை அவர் விரல்களுக்கு நடுவில் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். கெட்ட ஒட்டைக் கிராதியில் ஏற்றாத கை. ஒரு மாணவனின் அப்பா காலில் விழுந்து கெஞ்சியபோதும், வாய் பிளந்த துண்டைத் தூக்கிக் குவியலில் போட்ட கை. இது எதுவும் தெரியாமல் அந்தக் கை பொய்க்குக் கையெழுத்துப் போடப் போகிறது என்று பெரியவள் நினைத்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"அப்பா, போடாதீங்க," என்றாள். "ஒன்பது இல்ல."

வக்கீலம்மா திரும்பி அவளைப் பார்த்த பார்வையை விவரிக்கப் போவதில்லை. கையில் வாங்கிய வெற்றியைக் கட்சிக்காரரே தட்டிவிட்டால் எந்த வக்கீலும் அப்படித்தான் பார்ப்பார்.

யார் பொறுப்பு என்று தலைவர் கேட்டார். பெரியவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் எழுந்துவிட்டான். "நான்தான் சார். பிரஸ் ஓடல, வளைக்காமலே கையெழுத்துப் போட்டேன். யாரும் சொல்லல, நானா போட்டேன்." பிறகு, யாரும் எதிர்பார்க்காத இன்னொன்றையும் சொன்னான். "துண்டு ஒன்பதும் இருக்கு. நம்பர் அடிச்சு வெட்டி வெச்சது. வளைக்கல, அவ்வளவுதான்."

யாரும் சொல்லவில்லை என்று அவன் சொன்னபோது பெரியவள் எழுந்து, நான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். ஒரு பொய்யைத் தடுத்துவிட்ட தைரியம் அடுத்த பொய்க்கு மிச்சம் இல்லை. இந்தக் கதையில் அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் அந்த அரை நிமிஷத்துக்கு அவளை நான் மன்னிக்க மாட்டேன்.

மூன்று பேரும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். தலைவர் உத்தரவைச் சொல்லும்போது குரலில் சிரிப்பு இல்லை. முடிவு சொல்லும்வரை ரத்து ரத்துதான். இன்று மாலையே ஆய்வாளர் முன்னிலையில் ஒன்பது துண்டுகளும் வளைக்கப்பட வேண்டும். அவர் அறிக்கை வந்த பிறகு முடிவு.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மாஸ்டர், மாற்றிப் போட்ட பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

நாலு மணிக்கு ஆய்வாளர் வந்தார். கையில் பூதக்கண்ணாடியும் ஒரு சின்ன ஸ்கேலும் இருந்தன. வளைவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விரிசல் இருந்தால் தோல்வி என்று படிவத்தைப் படித்துக் காட்டினார். மாஸ்டர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், அந்த விதியை முதல் முறை கேட்பவர் போல.

வெல்டிங் ராடு காயவைக்கிற அடுப்புக்குப் பின்னாலிருந்து சின்னவன் ஒரு சாக்குப் பையை எடுத்து வந்தான். துண்டுகளில் துரு ஏறவில்லை. மாசா மாசம் எண்ணெய் தடவி வைத்திருக்கிறான். பிரஸ் சரியான மறுநாளே ஏன் வளைத்துப் பார்க்கவில்லை என்று ஆய்வாளர் கேட்டார்.

"ஒண்ணு ஒட்டு விட்டுடுச்சுன்னா என்ன சார் பண்றது? சர்டிபிகேட் போயாச்சு, ஆளும் போயாச்சு," என்றான் சின்னவன். "தினம் நாளைக்கு பார்க்கலாம், நாளைக்கு பார்க்கலாம்னு நாலு வருஷம் போயிடுச்சு."

முதல் துண்டு நூற்று ஐம்பத்தேழு. சின்னவன் துண்டை வைத்து மோட்டாரைப் போட்டான். பிரஸ்ஸின் மூக்கு மெதுவாக இறங்கியது. இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக இடுப்பு வளைந்தது. சத்தம் இல்லை. ஆய்வாளர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் மாஸ்டர் துண்டை வாங்கி, வளைவின் மேல் கட்டை விரலை ஓட்டினார்.

"ஒட்டு பிடிச்சிருக்கு," என்றார்.

ஆய்வாளர் பார்த்தார், ஸ்கேல் வைத்தார், எழுதிக்கொண்டார். தேர்ச்சி. இரண்டாவதும் பிடித்திருந்தது, மூன்றாவதும். ஆய்வாளர் இப்போது கண்ணாடியை எடுப்பதற்கு முன்னால் மாஸ்டரின் கட்டை விரலைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

மூன்றாவது முடிந்ததும் மாஸ்டர் அந்த மூன்றையும் பெரியவளிடம் நீட்டினார். "மேல கொண்டு போய் வை. இடம் இருக்கு."

"எங்கப்பா?"

"தண்ணி ஹோஸ் போற சந்துல."

அவள் துண்டுகளை வாங்கிக்கொண்டு படியேறினாள். பாதிக்கு மேல், கிராதியில் ஒரு சாண் அகலத்துக்கு ஓர் இடைவெளி. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடைவெளி. அதன் வழியாகத்தான் மேலே ஹோஸ் போகும், விளக்குமாறு கீழே வரும், அவள் மகள் போடுகிற பந்து பட்டறைக்குள் விழும். குழந்தை கையை விட்டு மாட்டிக்கொள்ளப் போகிறாள், அடைத்துவிடுங்கள் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அதைத் தொடாதே, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்பார் அப்பா. அவள் குறுக்கே ஒரு நைலான் கயிற்றைக் கட்டிவிட்டாள். படம் எடுக்க வந்தவரும் அந்த இடத்தை விட்டுவிட்டார். ஒன்றும் இல்லாத இடத்தை யார் படம் எடுப்பார்கள்?

மூன்று துண்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். கனகச்சிதமாகப் பொருந்தின. பக்கத்தில் இன்னும் ஆறுக்கு இடம் இருந்தது. ஏழுக்கு இல்லை.

அவள் கீழே இறங்கி வந்தாள். ஆய்வாளர் படிவத்தில் குனிந்திருந்தார். அவள் அப்பாவின் அருகில் போய், அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"நாலு வருஷமா உங்களுக்குத் தெரியும்."

"ஒன்பது பேர் வந்து உக்காந்து படிச்சானுங்க. துண்டு வரலேன்னா தெரியாதா? அவனே கொண்டு வருவான்னு இடம் விட்டேன்."

"தெரிஞ்சுமா அங்க சத்தியம் பண்ணப் போனீங்க?"

"கேட்டிருக்கணும்," என்றார் மாஸ்டர். "அன்னிக்கே அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டு இன்னிக்கு அவனைக் காட்டிக் கொடுக்க எனக்கு மனசு வரல."

அவள் காலையிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்த அப்பா இவர் இல்லை. இவர் வேறொருவர். மகனுக்காகப் பொய்க்குக் கையெழுத்துப் போடப் பேனாவைப் பிடித்துவிட்ட மனிதர். அவர் மேல் கோபப்படலாம் என்று பார்த்தாள், வரவில்லை. மூன்று பேர் ஒரே வீட்டில் ஒரே விஷயத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு நாலு வருஷம் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அதை நினைத்தபோது அழுகை மட்டும்தான் வந்தது.

நாலாவது பிடித்திருந்தது. ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவதில் மயிரிழை போல ஒன்று தெரிந்தது. ஆய்வாளர் இரண்டு தடவை ஸ்கேல் வைத்து, ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை என்று தேர்ச்சி போட்டார். சின்னவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஆய்வாளர் முகத்தில் கூட ஒரு நிம்மதி தெரிந்தது. இன்னும் ஒன்றுதான்.

நூற்று அறுபத்தைந்து. அந்தப் பையனைப் பெரியவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இடது கைக்காரன்; பட்டறையில் எல்லோரும் அவனை லெஃப்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். சான்றிதழ் வாங்கிய அன்று அவள் மேசைமேல் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டு, வெட்கப்பட்டு ஓடிப் போனவன்.

பிரஸ்ஸின் மூக்கு இறங்கியது. துண்டு பாதி வளைந்தது, முக்கால் வளைந்தது. அப்புறம் உள்ளேயிருந்து ஒரு சத்தம். பெரிதாக ஒன்றும் இல்லை, சுண்டு விரலைச் சொடுக்கினால் வருமே, அவ்வளவுதான்.

சின்னவன் மோட்டாரை நிறுத்தினான். துண்டை எடுக்கவில்லை. மாஸ்டர்தான் கையை நீட்டி எடுத்தார். கட்டை விரலை ஓட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, நகம் உள்ளே போனது.

ஆய்வாளர் பேனாவை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் ஆய்வாளர் கண்ணாடி வைத்துப் பார்க்காமலே எழுதியிருப்பாரோ என்னவோ. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

"விட்டுடுச்சு சார்," என்றார் மாஸ்டர். "எழுதிக்குங்க."

சின்னவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிரஸ்ஸின் காலில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். என் கண்ணுக்கு நல்லாத்தான் தெரிஞ்சது, நல்லாத்தான் தெரிஞ்சது என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுடைய அக்கா அன்று போனில் கேட்ட கேள்விக்கு அவன் இன்றுவரை பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

பெரியவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"அவனா போடல," என்றாள் ஆய்வாளரிடம். "நாளைக்கு வளைச்சுப் பார்த்துத் தரேன்னுதான் சொன்னான். நான்தான் போன் பண்ணி, கண்ணால பார்த்தா போதும், கையெழுத்துப் போட்டுக் கொண்டான்னு சொன்னேன்."

ஆய்வாளர் தயங்கினார். "இதையும் அறிக்கையில எழுதணுமாம்மா?"

"எழுதுங்க. விசாரணையிலயே சொல்லியிருக்கணும்."

சின்னவன் தலை நிமிராமல் அவள் புடவை நுனியைப் பிடித்து இழுத்தான், சொல்லாதே என்பது போல. சின்ன வயதில் அவள் அடி வாங்கும்போதும் இப்படித்தான் இழுப்பான். அவள் அந்தக் கையை விலக்கவில்லை.

மாஸ்டர் மகளையும் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. பிளந்த துண்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் சொன்னது, யார் போட்டது என்பதெல்லாம் அவருக்கு வேறு எங்கேயோ நடக்கிற பேச்சாகிவிட்டது.

"பலகை போனா போகட்டும்," என்றார். "அழறதுன்னா அப்புறமா எல்லாரும் சேர்ந்து அழலாம். அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்னு பாரு."

பெரியவள் ஆபீஸ் அறைக்கு ஓடினாள். பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே இரண்டு எண்கள் இருந்தன. முதல் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது நீண்ட நேரம் அடித்தது. ஆய்வாளர், அப்பா, தம்பி மூன்று பேரும் வாசலில் வந்து நின்றார்கள். அவள் போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசைமேல் வைத்தாள்.

ஒரு பெண் எடுத்தாள். பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. வெல்டிங் ஸ்கூலிலிருந்து பேசுகிறேன் என்றதும் அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஆபீஸ் அக்காவா? உங்களைப் பத்தி அவர் பேசாத நாளே இல்ல. அந்த ஸ்கூல் சர்டிபிகேட்டுக்குத்தான் இங்க மதிப்புன்னு சொல்லிட்டே இருப்பார்."

"அவர் இருக்காராம்மா?"

"வேலைல இருக்காருக்கா. பெரிய வாட்டர் டேங்க் ஒண்ணு கட்றாங்க. மேல ஏறினா போன் எடுத்துட்டுப் போக மாட்டார். கீழ முழுக்க ஆளுங்க நின்னு வேலை பாக்கறாங்களாம், கைதவறி விழுந்துடக் கூடாதுன்னு." அவள் பெருமையாகச் சிரித்தாள். "டேங்கைத் தாங்கற தூண் எல்லாம் இவர் கையாலதான். இன்னிக்கு முதல் தடவையா தண்ணி ஏத்திப் பாக்கறாங்க. இறங்கினதும் உங்களுக்குப் பண்ணச் சொல்றேன். என்ன விஷயம்னு சொல்லட்டும்க்கா?"